மாதாமாதம் டை பூசும் தலைமயிருக்குள் என்ன நடக்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வீடு மட்டக்களப்பு கல்லடியில். இடுப்பளவு தலைமயிர். நரையை மறைக்க மூன்று வருடமாக மாதம் ஒரு தடவை பெட்டி டை, அதுவும் ஒவ்வொரு தடவையும் வேரிலிருந்து நுனி வரை. இப்போது நுனிப்பக்கம் முரடாகிவிட்டது, முழுகினால் சிக்கெடுக்கவே அரை மணித்தியாலம் போகிறது, சீப்பு நிறையத் துண்டுகள். இது டையால் வந்ததா, கிணற்றுத் தண்ணீரால் வந்ததா? அமோனியா இல்லாத டைக்கு மாறினால் சரிவருமா? டை பூசப் பூச நரை கூடும் என்கிறார்களே, உண்மையா?

முதலில் சீப்பில் இருப்பதை ஒரு வெள்ளைத்தாளில் பரப்பிப் பாருங்கள். முழு நீளத்தில், ஒரு முனையில் சின்ன வெண்குமிழோடு இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை எல்லோருக்கும் உதிரும், அதை டையின் கணக்கில் போட வேண்டாம். இரண்டு மூன்று அங்குலத் துண்டாக, எந்த முனையிலும் குமிழ் இல்லாமல் இருந்தால் அது தண்டு முறிந்தது. பிறகு நுனிப்பக்க மயிர் ஒன்றை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்புத் தண்டில் ஆங்காங்கே ஊசிமுனையளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அந்த இடத்தில் வெளியுறை கழன்று உள்நார்கள் பிரிந்து நிற்கின்றன என்று அர்த்தம். மெதுவாக வளைத்தால் சரியாக அந்தப் புள்ளியில்தான் முறியும். நீங்களே ‘துண்டுகள்’ என்று சொல்வதால், உங்களுடையது பெரும்பாலும் இந்த வகைதான்.

மயிரின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மிச்சம் எல்லாம் தானாக விளங்கும். நம்மவர் மயிரின் தடிப்பு ஏறக்குறைய 70, 80 மைக்ரோமீற்றர். வெளியே கியூட்டிகிள் என்ற செதில் உறை. கூரையில் கிடுகு வேய்வதுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வேர்ப்பக்கம் மூடி நுனிப்பக்கம் திறந்தபடி, 5 முதல் 10 அடுக்கு. ஒரு செதிலின் தடிப்பு அரை மைக்ரோமீற்றர் அளவுதான். மேல் அடுக்கின் மேற்பரப்பில் 18-மெதைல் ஐகோசனோயிக் அமிலம் என்ற கொழுப்புப் படலம் ஒன்று இரசாயனப் பிணைப்பால் ஒட்டியிருக்கும். வழுக்கல், பளபளப்பு, தண்ணீர் ஒட்டாத தன்மை எல்லாம் இந்த மெல்லிய படலம் தருவதுதான். செதில்களுக்கு உள்ளே கோர்டெக்ஸ்: கெரற்றின் என்ற புரத நார்கள், அவற்றைக் குறுக்கே கட்டி வைத்திருக்கும் இருகந்தகப் பிணைப்புகள், நிறம் தரும் மெலனின் மணிகள். நரைத்த மயிரில் இந்த மெலனின் மட்டும் இல்லை.

தோலுக்கு வெளியே வந்த மயிரில் உயிரில்லை. காயம்பட்டால் தோல் ஆறும், மயிர் ஆறாது. போன படலம் போனதுதான்.

இனிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு குழாயில் கிரீம்: காரமாக (அமிலத்துக்கு எதிரான பொருளாக) அமோனியா, நிறத்துக்குப் பராபினிலீன்டயமீன் அல்லது தொலுவீன்டயமீன், கூடவே ரிசோசினோல் போன்ற துணைப் பொருட்கள். இவை எல்லாம் நிறமற்ற அல்லது மங்கிய நிறமுள்ள சின்ன மூலக்கூறுகள். போத்தலில் டிவலப்பர்: ஐதரசன் பரவொட்சைட்டு, பெரும்பாலும் 6 சதவீதம், சலூன்காரர் 20 வொலியூம் என்று சொல்வது இதைத்தான். 10 வொலியூம் என்றால் 3 சதவீதம், 30 என்றால் 9, 40 என்றால் 12. இரண்டையும் சம அளவில் கலந்தால் தலையில் படுவது 3 சதவீதக் கரைசல்.

கலந்தவுடன் கலவையின் பீஎச் (7க்கு மேலே காரம், கீழே அமிலம்) 9 முதல் 10.5 வரை நிற்கும். அந்தக் காரத்தில் மயிர் ஊதுகிறது, செதில்கள் நிமிர்கின்றன. நிறமற்ற சின்ன மூலக்கூறுகள் உள்ளே போகின்றன. பரவொட்சைட்டு அவற்றை ஒட்சியேற்ற, அவை ஒன்றோடொன்று சேர்ந்து இரண்டு மூன்று அலகு கொண்ட நிறமுள்ள பெரிய மூலக்கூறாகி, வந்த வழியால் திரும்ப முடியாமல் உள்ளேயே நின்றுவிடுகின்றன. நிரந்தர டை என்ற பெயர் இதனால்தான். அதே நேரத்தில் பரவொட்சைட்டு உங்கள் இயற்கைக் கறுப்பையும் கொஞ்சம் வெளுக்கிறது. கறுப்பு டை போட்டவர்களுக்குச் சில வாரங்களில் வெயிலில் செம்பட்டை தெரிவது இதன் விளைவு: மேலே ஏறிய நிறம் கழுவுப்பட்டுப் போக, கீழே வெளுத்த மெலனின் வெளியே தெரிகிறது.

உள்ளே தங்கும் நிறம் தண்டை முறிப்பதில்லை. சேதம் செய்வது அதை உள்ளே கொண்டுபோகப் பயன்படுத்தும் காரமும் பரவொட்சைட்டும்தான்.

முதற் சேதம் அந்தக் கொழுப்புப் படலத்துக்கு. காரத்தில் நிற்கும் பரவொட்சைட்டு, படலத்தைச் செதிலோடு இணைக்கும் பிணைப்பை அறுத்துவிடுகிறது. முதல் ஒன்றிரண்டு தடவையிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும். படலம் போன மேற்பரப்பு தண்ணீரை இழுக்கும், ஈரத்தில் ஒன்றோடொன்று உரசும். முழுகியதும் சிக்கு விழுவதற்குக் காரணம் இதுதான். இரண்டாவது சேதம் உள்ளே. இருகந்தகப் பிணைப்புகளில் ஒரு பங்கு ஒட்சியேறி, சிஸ்ரெயிக் அமிலமாக மாறி, பிணைப்பாக இருக்கும் தகுதியை இழக்கிறது. பவுடர் வைத்துக் கடுமையாக பிளீச் பண்ணினால் 15 முதல் 25 சதவீதம் வரை இப்படிப் போகலாம். கறுப்பு டை ஒரு தடவை செய்வது அதைவிடக் குறைவு. ஆனால் குறைவானது முப்பது தடவை சேர்ந்தால் குறைவாக இருக்காது. மூன்றாவது: ஒவ்வொரு தடவையும் ஊதிச் சுருங்கிய செதில்கள், சீப்புப் பட்டுக் கரை உடைந்து, அடுக்கு அடுக்காகக் கழன்று போகின்றன. கடைசி அடுக்கும் கழன்ற இடத்தில்தான் நீங்கள் யன்னல் வெளிச்சத்தில் பார்த்த வெள்ளைப் புள்ளி வருகிறது.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தலைமயிர் மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். இடுப்பளவு என்றால் 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், நுனியின் வயது ஆறு வருடத்துக்குக் கிட்ட. மூன்று வருடம் மாதாமாதம் முழு நீளத்துக்கும் பூசியிருக்கிறீர்கள். வேரிலிருந்து 10 செ.மீ. தள்ளியுள்ள இடம் 10 தடவை டை கண்டிருக்கிறது. 36 செ.மீக்குக் கீழே உள்ளதெல்லாம் 36 தடவை. இத்தனைக்கும் ஒவ்வொரு மாதமும் புதிதாக நரை காட்டியது வேரோரம் 1 செ.மீ. மட்டும். மிச்சம் 69 செ.மீக்கு ஏற்கனவே நிறம் இருந்தது. உங்கள் பிரச்சினையின் பெரும்பங்கு இந்த ஒரு பழக்கத்தில் இருக்கிறது, டையின் பிராண்டில் இல்லை. நுனி இரவல் விக் மாதிரி உயிரில்லாத அட்டைக் கறுப்பாகத் தெரிவதும் இதனால்தான், நிறத்துக்கு மேல் நிறம் ஏறிக்கொண்டே போகிறது.

தண்ணீருக்கும் பங்கு உண்டு, ஆனால் இரண்டாவது இடத்தில். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் கல்லடி, நாவற்குடா மணல் நிலத்துக் கிணறுகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பக்கத்து வளவிலேயே ருசி மாறும். சவர்க்காரம் நுரைக்க மறுக்கிறதா, கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கிறதா, வாளியின் உட்புறத்தில் துருநிறக் கறை ஏறுகிறதா என்று பாருங்கள். முதல் இரண்டும் கல்சியம், மூன்றாவது இரும்பு. சாதாரண மயிரில் கல்சியம் அவ்வளவாக ஏறாது. டையால் சிஸ்ரெயிக் அமிலம் உண்டான மயிரில் எதிர்மின்னேற்ற இடங்கள் கூடுவதால் அங்கே கல்சியம் போய் ஒட்டிக்கொள்ளும். முரடு கூடுவது இதனால். இரும்பும் செம்பும் இன்னும் மோசம். மயிருக்குள் இவை இருக்கும்போது பரவொட்சைட்டு பட்டால் ஐதரொட்சில் சுயேச்சை மூலிகங்கள் உருவாகும், அவை கண்ட இடத்திலெல்லாம் புரதத்தை உடைக்கும். அதனால் டை பூச முந்தின நாள் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். லேபிளில் ஈடீடீஏ என்று இருந்தால் நல்லது, அது உலோகத்தைப் பிடித்துக்கொண்டு போகும். டையைக் கழுவும் கடைசி நாலைந்து லீற்றருக்குக் குழாய்த் தண்ணீரோ, மாரி காலத்தில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ போதும். தலைக்குச் சவர்க்காரம் போடும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள். அதுவும் காரம், போதாக்குறைக்குக் கல்சியத்தோடு சேர்ந்து பிசுக்காக மயிரில் படியும். சீயக்காயின் அமிலத்தன்மை நல்லதுதான், ஆனால் சல்லடையில் அரிக்காத சொரசொரப்பான பொடியை ஏற்கனவே செதில் கழன்ற மயிரில் போட்டுத் தேய்ப்பது நல்லதல்ல.

அமோனியா இல்லாத டை? மணம் இராது, கண் எரியாது, அவ்வளவுதான். அமோனியாவுக்குப் பதிலாக மொனோஎதனோலமீன் என்ற இன்னொரு காரம் போட்டிருப்பார்கள். லேபிளில் ‘எதனோலமீன்’ என்று தேடுங்கள். அமோனியா ஆவியாகிப் பறந்துவிடும், இது பறக்காமல் மயிரிலேயே தங்கும். அளவு கூடினால் அமோனியாவைவிடச் சேதமும் கூடும். பரவொட்சைட்டு இரண்டிலும் ஒன்றேதான். மணம் தாங்காதவர்கள் மாறலாம், தண்டைக் காப்பாற்ற என்று மாறுவதில் அர்த்தமில்லை.

‘கறுப்பு ஹென்னா’ என்று சின்னப் பக்கெற்றில் வரும் பொடிகளும் அப்படித்தான். பலவற்றில் நிறம் தருவது பராபினிலீன்டயமீன், ஒட்சியேற்றுவது பேரியம் பரவொட்சைட்டு போன்ற பொடி. இலைப்படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். உண்மையான மருதோன்றி வேறு. காத்தான்குடி, சாய்ந்தமருது பக்கம் கறுப்பைத் தவிர்த்து மருதோன்றி மட்டும் போடுகிறவர்கள் நிறையப் பேர். அதிலுள்ள லோசோன் காரமும் பரவொட்சைட்டும் இல்லாமலே கெரற்றினோடு பிணையும், செதிலைத் திறக்காது. நரையில் செம்மஞ்சளாகத்தான் தெரியும், கறுப்பு வராது. அதை ஏற்றுக்கொள்ள முடியுமானால் தண்டுக்கு அதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. ஒரே எச்சரிக்கை: நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்க வைக்கும் சில தைலங்களிலும் கலப்புப் பொடிகளிலும் உலோக உப்புகள் இருக்கும். அவை ஏறிய மயிரில் பரவொட்சைட்டு டை பட்டால் சூடேறி மயிர் அறும். அப்படி ஏதும் போட்டிருந்தால், வெட்டிய மயிர்க் கொத்தொன்றைச் சலூனில் கொடுத்து, 20 வொலியூம் டிவலப்பர் 30 மில்லிலீற்றரில் 20 துளி அமோனியா விட்டு அரை மணித்தியாலம் ஊறவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழ் பொங்கினாலோ, கிண்ணம் சுட்டாலோ டை பக்கமே போகக் கூடாது.

இனிச் செய்ய வேண்டியது, வேருக்கு மட்டும் பூசுவது. 1 செ.மீ. வளர்ச்சிக்கு 25 முதல் 30 கிராம் கிரீமும் பெட்டியில் சொன்ன விகிதத்தில் டிவலப்பரும் போதும். முழுப் பெட்டியையும் கலக்க வேண்டாம். கலக்காத கிரீமை மூடி இறுக்கி வைத்தால் அடுத்த தடவைக்கு உதவும். கலந்தது உதவாது. மிச்சத்தைப் போத்தலில் அடைத்து வைத்தால் ஒட்சிசன் சேர்ந்து போத்தல் வெடிக்கும். பிளாஸ்ரிக் அல்லது கண்ணாடிக் கிண்ணம், பிளாஸ்ரிக் சீப்பு, கையுறை. முந்தின இரண்டு நாளில் தலையைச் சொறிந்து காயப்படுத்தாதீர்கள். புது பிராண்ட் என்றால் காதின் பின்புறம் கொஞ்சம் பூசி 48 மணித்தியாலம் பார்க்க வேண்டும். முன்பு எப்போதாவது கறுப்பு மருதோன்றிச் சித்திரத்தால் கை கொப்பளித்தவர்கள் இந்த டைகளைத் தொடவே கூடாது. கண்ணிமை வீங்கினாலோ தலைத்தோலில் நீர் கசிந்தாலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போங்கள், அடுத்த பெட்டியை வாங்கிப் பரீட்சிக்க வேண்டாம்.

பூசும் முன் பழைய நீளம் முழுவதற்கும், அதாவது வேரிலிருந்து இரண்டு விரல் தள்ளி நுனி வரை, தேங்காயெண்ணெய் நன்றாகத் தடவிப் பின்னிக் கட்டுங்கள். வழிந்து வரும் டை அதில் அவ்வளவாக ஏறாது. வேரோரம் எண்ணெய் வேண்டாம், நரையில் நிறம் பிடிக்கத் தடையாகும். தலையை நாலாகப் பிரித்து, அரை செ.மீ. இடைவெளியில் வகிடு வகிடாக எடுத்து, நரை அதிகமுள்ள இடத்திலிருந்து தொடங்குங்கள். பொதுவாக அது கன்னப்பொறியும் முன்வகிடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பூசி முடிக்க வேண்டும், ஏனென்றால் கிண்ணத்திலேயே ஒட்சியேற்றம் நடந்துகொண்டிருக்கிறது. கலவை கிண்ணத்தில் கன்னங்கரேலென்று ஆன பிறகு பூசினால் பெரிய மூலக்கூறு செதிலுக்கு வெளியே படியுமே தவிர உள்ளே போகாது. முழுகும்போது துவாயில் வரும் கறுப்பு அதுதான்.

நேரம் பெட்டியில் போட்டபடி, வழக்கமாக 30, 35 நிமிடம். ‘நல்லாப் பிடிக்கட்டும்’ என்று ஒன்றரை மணித்தியாலம் விடுகிறவர்கள் உண்டு. நிறம் கூடாது, காரம் மட்டும் கூட நேரம் நிற்கும். வெயிலில் உட்கார்ந்து காயவிடுவது அதைவிடத் தவறு. சூட்டில் எதிர்வினை வேகமாகி வேர்ப்பக்கம் கடுமையாகும், கச்சான் காற்றடிக்கும் ஆனி ஆடி மாதங்களில் கிரீம் பத்து நிமிடத்தில் காய்ந்து எதிர்வினை பாதியில் நின்றுவிடும், பிறகு அதைத் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும். பின்னேரத்தில், காற்றுப் படாத அறையில் செய்யுங்கள். கழுவும் முன் இரண்டு மூன்று கரண்டி இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு வேரோரம் மெதுவாகக் குழைத்தால் கிரீம் தானாக விடும். நீளத்தில் நிறம் மங்கியிருந்தால் அந்த வழிச்சலைக் கடைசி ஒரு நிமிடம் கையால் இழுத்து விட்டாலே போதும்.

தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசிய பிறகு, ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து ஊற்றுங்கள். வினாகிரி இல்லையென்றால் அரைத் தேசிக்காய். மிச்சக் காரத்தை இது அடக்கும். பீஎச் 4, 5க்கு வந்தால் ஊதல் வடிந்து செதில்கள் படியும். தேசிக்காயை நேரே தலையில் பிழிய வேண்டாம். பிறகு கண்டிஷனர், காது மட்டத்திலிருந்து நுனி வரை, மூன்று நாலு நிமிடம். லேபிளில் பெஹென்ட்ரைமோனியம் அல்லது செட்ரிமோனியம் இருக்கிறதா என்று பாருங்கள். இவை நேர்மின்னேற்றம் கொண்டவை, சேதமான எதிர்மின்னேற்ற இடங்களைத் தேடிப்போய் ஒட்டும். அமோடைமெதிகோன் என்ற சிலிக்கோனும் அப்படியே. இவை ஒன்றும் மயிரைக் குணப்படுத்துவதில்லை, போன கொழுப்புப் படலத்தின் வேலையை அடுத்த முழுக்கு வரை செய்கின்றன. ‘கெரற்றின் ஊட்டம்’ என்று விற்கும் கிரீம்களும் இந்த அளவுதான்.

தேங்காயெண்ணெய் நம்மிடம் இருக்கும் நல்ல மருந்து, ஆனால் போடும் நேரம் முக்கியம். அதிலுள்ள லோரிக் அமிலம் சின்னது, நேரானது, மற்ற எண்ணெய்களைப்போல் மேலே நிற்காமல் தண்டுக்குள் இறங்கும். முழுகும்போது உள்ளே போகும் தண்ணீரைக் குறைத்து, புரதம் கரைந்து போவதையும் குறைக்கும். முழுகிய பிறகு பூசுவதைவிட முந்தின இரவு 10, 15 மில்லிலீற்றர் நுனிப்பக்கம் தடவிவிட்டு முழுகுவதே பயன். ஈரத்தில் சிக்கெடுக்காதீர்கள். ஈரமான மயிர் இழுபடும், சேதமான மயிர் இழுபட்டால் திரும்பிச் சுருங்காது. ஈர மயிர் ஒன்றை இரு விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள்: கொஞ்சம் நீண்டு திரும்பினால் இன்னும் பலம் உண்டு, இழுத்த நீளத்திலேயே நின்றால் அந்தப் பகுதி முடிந்தது.

ஸ்ட்ரெயிட்னிங் செய்யும் யோசனை இருந்தால் இந்த மயிருக்கு இப்போது வேண்டாம். அந்தக் கிரீமும் அதே இருகந்தகப் பிணைப்புகளைத்தான் உடைக்கிறது. ஏற்கனவே பாதி போன இடத்தில் மிச்சத்தையும் உடைத்துவிட்டு, மேலே 200 பாகை அயன் வைத்தால் மயிர் அயனிலேயே வந்துவிடும்.

நரை கூடுமா என்ற பயம் தேவையில்லை. நரைப்பது தோலுக்கு அடியில், வேர்ப்பையிலுள்ள நிறக்கலங்கள் ஓய்வதால். டை வேலை செய்வது தோலுக்கு வெளியே. கூடியதாகத் தெரிவதற்குக் காரணம், கன்னங்கரேலென்ற நீளத்துக்குப் பக்கத்தில் 1 செ.மீ. வெள்ளை எடுப்பாகத் தெரிவது, அதோடு மூன்று வருடம் வயது கூடியதும். அந்த எடுப்பு உறுத்தினால் சுத்தக் கறுப்பை விட்டு அடர் கபிலத்துக்கு, பெட்டியில் 3 அல்லது 4 என்று தொடங்கும் இலக்கத்துக்கு, இறங்குங்கள். வேர் வெளியே தெரிவது குறையும், மாதத்துக்கு ஒன்று என்பது ஆறு வாரத்துக்கு ஒன்றாகலாம். ஆனால் ஏற்கனவே கறுப்பு ஏறிய நீளத்தில் கபில டை பூசி வெளிறவைக்க முடியாது, அதற்காக பிளீச் பண்ணவும் வேண்டாம்.

இனி வெட்டு. ஒரே நாளில் தோளளவுக்கு வெட்டச் சொன்னால் கேட்க மாட்டீர்கள், தேவையும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 5 செ.மீ. வெட்டுங்கள். அதற்குள் 3 செ.மீ. வளர்ந்திருக்கும். ஒரு வருடத்தில் நீளம் 8 செ.மீ. மட்டும் குறையும், 36 தடவை டை கண்ட நுனியில் 20 செ.மீ. போயிருக்கும். பிளேடால் சீவாமல் கூரான கத்தரிக்கோலால் நேராக வெட்டச் சொல்லுங்கள். சரிவாகச் சீவிய முனையில் உள்நார் வெளியே நிற்கும், அது அடுத்த மாதமே மறுபடி வெடிக்கும்.